ஒரே இடத்தில் மிதப்பவருக்குக் கடல் காட்டுவது

வெப்பமண்டலத் தீவு ஒன்றின் பவளப்பாறை ஓரமாகப் படகு நிற்கிறது. பத்துப் பேர் முகக்கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். ஒன்பது பேர் ஆமை எங்கே, சுறா எங்கே என்று பாறையின் நீளம் முழுக்க நீந்தித் தேடுகிறார்கள். ஒருவர் மட்டும் இறங்கிய இடத்திலேயே குப்புற மிதந்துகொண்டிருக்கிறார். நாற்பது நிமிடம் கழித்து எல்லோரும் படகேறும்போது, அதிகம் பார்த்தவர் பெரும்பாலும் அந்த ஒருவராகத்தான் இருப்பார்.

ஸ்நோர்கெலிங்கை, அதாவது குழாயில் மூச்சு விட்டபடி குப்புற மிதந்து கடலடியைப் பார்ப்பதை, நீச்சல் விளையாட்டாக நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. காட்டில் பறவை பார்க்கப் போகிறவர் ஓடிக்கொண்டே பார்ப்பதில்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, காடு தன்னை மறக்கும்வரை காத்திருக்கிறார். கடலிலும் அப்படித்தான். நம் மூச்சும் கண்ணும் நீரோட்டமும் மீன்களின் நடத்தையும் இதையே சொல்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் மூச்சு. அமைதியாக இருக்கும் ஒருவர் ஒரு மூச்சில் சுமார் அரை லிட்டர் காற்றை இழுக்கிறார். அதில் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர், நுரையீரலில் காற்று மாறும் இடத்துக்குப் போய்ச் சேர்வதே இல்லை. தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் நின்றுவிட்டு அப்படியே வெளியே வந்துவிடும். வாயில் குழாய் வைத்தால் இந்த வீண்வெளி இன்னும் நீள்கிறது. விட்ட மூச்சின் ஒரு பகுதி குழாயிலேயே தங்கி, அடுத்த இழுப்பில் முதலில் உள்ளே போகிறது. மெதுவாக, ஆழமாக மூச்சு விட்டால் இது பொருட்டே இல்லை. வேகமாக நீந்தி, பதறி, குட்டிக் குட்டி மூச்சாக இழுத்தால் பழைய காற்றையே திரும்பத் திரும்பச் சுவாசிக்க வேண்டியதாகிறது. ரத்தத்தில் கரியமில வாயு கூடுகிறது, மூச்சு முட்டுவதுபோல் இருக்கிறது, பதற்றம் ஏறுகிறது, மூச்சு இன்னும் குட்டையாகிறது.

அப்படியானால் குழாயை நீட்டி, ஆழத்திலிருந்தே நிதானமாகப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. முடியாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் நெஞ்சை அழுத்தும் பாரத்தை எதிர்த்து, மேலேயுள்ள காற்றை இழுக்க நம் மார்புத் தசைகள் திணறிப்போகும். குழாய் முப்பது நாற்பது சென்டிமீட்டரோடு நிற்பதற்கு அதுதான் காரணம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹவாயில் சுற்றுலாப் பயணிகள் கடலில் உயிரிழக்கும் சம்பவங்களில் ஸ்நோர்கெலிங் முன்னணியில் இருக்கிறது. இதில் பலர் கை காலை உதறிப் போராடி மூழ்குவதில்லை. குப்புறக் கிடந்தபடியே சத்தமில்லாமல் நினைவிழந்துவிடுகிறார்கள். குப்புறக் கிடப்பதுதானே இந்த விளையாட்டு, அதனால் பக்கத்தில் இருப்பவருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆகவே கால் ஊன்றக்கூடிய மணற்தரையில் முதலில் பழகுங்கள். துணையில்லாமல் இறங்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கித் துணையின் கண்ணைப் பாருங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே போக வேண்டும். மூச்சு கொஞ்சம் வாங்கினாலும் குழாயைத் துப்பிவிட்டு மல்லாந்து மிதக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. மிதப்பதற்குச் செலவாகும் சக்தி மிச்சமானால் மூச்சு நிதானப்படும், அந்த நிதானம் கண்ணுக்குப் போகும்.

கண்ணைப் பற்றி ஒரு சின்ன விஷயம். தண்ணீருக்கும் முகக்கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக்கும் இடையே ஒளி வளைவதால், கீழே உள்ள எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் இன்னும் பக்கத்தில் இருப்பது போலவும் தெரியும். ஒன்றரை மீட்டர் சுறா இரண்டு மீட்டராகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அப்புறம், சிவப்பு நிறத்தைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடுகிறது. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். நிறங்கள் முழுசாக இருப்பது மேலேயுள்ள இரண்டு மூன்று மீட்டரில்தான். ஆழத்துக்குப் போக முடியவில்லையே என்ற ஏக்கம் ஸ்நோர்கெலிங் செய்பவருக்குத் தேவையே இல்லை.

சரி, எங்கே மிதப்பது? இதற்குத் தீவின் அமைப்பு கொஞ்சம் புரிய வேண்டும். எரிமலைத் தீவைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. தீவு மெல்ல மெல்ல அமிழ்கிறது. பவளத்துக்குள் வாழும் பாசிக்கு வெயில் வேண்டும், அதனால் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வருகிறது. முதலில் கரையை ஒட்டிய பாறை, பிறகு கரைக்கும் பாறைக்கும் நடுவே ஓர் உள்கடல், கடைசியில் தீவே மறைந்துபோய்ப் பவள வளையம் மட்டும். 1842இல் சார்லஸ் டார்வின் இப்படி விளக்கியபோது நிரூபிக்க வழியில்லை. 1952இல் பசிபிக்கின் எனிவெடாக் வளையத்தில் துளையிட்டார்கள். ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் மேற்பட்ட பவளச் சுண்ணாம்பைத் தாண்டிய பிறகு எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. அமிழ்ந்துபோன ஒரு மலையின் தலைமேல், அந்த மலை இறங்க இறங்கத் தன்னை உயர்த்திக்கொண்டே வந்த உயிர்களின் மேல்தான் நாம் மிதக்கிறோம். எனக்கு இது ஒவ்வொரு முறையும் புல்லரிக்க வைக்கும் செய்தி.

இந்த அமைப்பில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வெளிக்கடல் அலைகள் பாறை விளிம்பில் உடைந்து உள்கடலுக்குள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே வந்த தண்ணீர் எப்படியாவது வெளியே போயாக வேண்டும். பாறையில் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் ஆறுபோல் வெளியேறுகிறது. கரையிலிருந்து பார்த்தால் அந்த இடைவெளி அலை உடையாமல், அடர்நீலமாக, இறங்குவதற்கு மிக வசதியான இடமாகத் தோன்றும். அலை இல்லாத இடம் அமைதியான இடம் என்று நம்பி அங்கே இறங்கியவர்கள் வெளிக்கடலுக்கு இழுக்கப்படுகிறார்கள். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தக் கூடாது. ஓட்டத்துக்குக் குறுக்கே பக்கவாட்டில் விலகி, கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். ஓட்டம் லேசாக உள்ள இடத்திலும், இறங்கும்போதே அது எந்தப் பக்கம் என்று பார்த்து, முதலில் அதற்கு எதிராகப் போனால், களைத்துத் திரும்பும்போது கடலே கொண்டுவந்து விடும்.

நேரமும் முக்கியம். கடல் வற்றிக் கிடக்கும்போது பாறைக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு சாண் கூட இருக்காது. நமக்கும் காயம், பவளத்துக்கும் காயம். கடல் முழுக்க ஏறி, திரும்ப வற்றத் தொடங்கும் முன் சற்று ஓய்ந்து நிற்கும் நேரம்தான் நல்லது. அது காலையில், காற்று எழும்பும் முன் அமைந்தால் இன்னும் நல்லது.

இப்போது மிதக்கிறீர்கள். முதலில் எதுவும் நடக்காது. நாம் விழுந்த சத்தத்தில் மீன்கள் இடுக்குகளுக்குள் போயிருக்கும். ஆனால் காது வேலை செய்யத் தொடங்கும். எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற ஒரு சடசடப்பு எல்லாப் பக்கமிருந்தும் கேட்கும். விரல் நீளம்கூட இல்லாத ஓர் இறால் வகை, தன் பெரிய கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது. கொடுக்கின் இரு பக்கமும் மோதுவதால் வரும் ஒலி என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். கொடுக்கு மூடும் வேகத்தில் பீறிடும் நீரில் ஒரு குமிழ் தோன்றி, அது நொறுங்கும்போதுதான் சத்தம் வருகிறது என்று 2000இல் கண்டுபிடித்தார்கள். முட்டையிலிருந்து வெளிவந்து திறந்த கடலில் அலையும் மீன் குஞ்சுகள், தாங்கள் குடியேற வேண்டிய பாறையைத் தேடிவருவதற்கு இந்த இரைச்சலும் உதவுகிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், அழிந்துபோன பாறைத் துண்டுகளுக்கு அருகே ஒலிபெருக்கி வைத்து ஆரோக்கியமான பாறையின் சத்தத்தை ஒலிக்கவிட்டபோது, அங்கே வந்து சேர்ந்த மீன்கள் இரண்டு மடங்கானதாக 2019இல் ஆய்வு ஒன்று வெளியானது. அமைதியான பாறை செத்துக்கொண்டிருக்கும் பாறை. இறங்கியதும் ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள்.

ஐந்தாறு நிமிடத்தில் சிறு மீன்கள் திரும்பிவரும். பத்து நிமிடத்தில் நாம் ஒரு மிதக்கும் கட்டையாகிவிடுவோம். அதன் பிறகுதான் பாறையின் அன்றாட வாழ்க்கை கண்ணில் படத் தொடங்குகிறது. அதில் தேடிப் பார்க்க வேண்டிய முதல் இடம் என்று நான் சொல்வது, துப்புரவு மீனின் கடை. இந்திய, பசிபிக் பெருங்கடல் பாறைகளில் விரல் அளவில், நீல உடலில் கறுப்புக் கோடு ஓடும் ஒரு மீன், குறிப்பிட்ட ஒரு பவளக் கொம்பின் அருகிலேயே உடலை ஆட்டி ஆட்டி நிற்கும். பெரிய மீன்கள் வந்து அதன் முன்னால் செவுளை விரித்து, வாயைத் திறந்து, சில சமயம் தலைகீழாகக்கூட அசையாமல் நிற்கும். துப்புரவு மீன் அவற்றின் தோலிலும் செவுளிலும் இருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். களவா மீனின் வாய்க்குள்ளேயே போய் வெளியே வரும். விழுங்கினால் ஒரு வாய்தான், ஆனால் களவா விழுங்குவதில்லை. ஒரு துப்புரவு மீன் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒட்டுண்ணிகளைத் தின்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கடையில் கள்ளத்தனமும் உண்டு. துப்புரவு மீனுக்கு ஒட்டுண்ணியைவிட வாடிக்கையாளரின் உடல்மேல் இருக்கும் கொழகொழப்புப் பூச்சுதான் அதிக ருசி. கடித்தால் வந்த மீன் வெடுக்கென்று உதறும். அந்த உதறலை நீங்களே பார்க்கலாம். இன்னொரு மீன் பக்கத்தில் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் துப்புரவு மீன் கூடுதல் ஒழுங்காக வேலை செய்கிறது. போதாததற்கு, அதே நீலமும் கறுப்பும் பூண்டு, அதே ஆட்டம் ஆடி, நம்பி வந்தவரின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடும் போலி மீன் ஒன்றும் உண்டு. கண்ணாடியில் தெரிவது தன் உருவம்தான் என்று புரிந்துகொண்டு ஆய்வாளர்கள் தன் தொண்டையில் இட்ட புள்ளியைத் தேய்த்துப் போக்க முயன்றது இதே துப்புரவு மீன்தான். 2019இல் வெளியான அந்த முடிவைச் சுற்றி இன்னும் விவாதம் நடக்கிறது. இத்தனையும் ஒரு சதுர மீட்டருக்குள். நீந்திக் கடந்திருந்தால் ஏதோ நீல மீன் என்றுதான் நினைவிருந்திருக்கும்.

அடுத்து காதைத் தீட்டினால் கரகரவென்று ஒரு சுரண்டல் கேட்கும். கிளிமீன். கிளி மூக்கு போன்ற பற்களால் பாறையைச் சுரண்டி அதிலுள்ள பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்னும். கூடவே உள்ளே போகும் சுண்ணாம்பைத் தொண்டையிலுள்ள இன்னொரு பல் வரிசை அரைத்து மாவாக்குகிறது. சற்று நேரம் கவனித்தால் கிளிமீனின் பின்னாலிருந்து வெண்ணிறப் புகைபோல் ஒன்று வெளியேறிக் கீழே படிவதைக் காண்பீர்கள். அது மணல். பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்குப் பல நூறு கிலோ மணலை உண்டாக்குகிறது. துண்டு விரித்துப் படுத்திருந்த வெள்ளைக் கடற்கரையின் பெரும்பகுதி இப்படிக் கிளிமீன் வயிற்றின் வழியாக வந்ததாக இருக்கலாம். மீதி, சுண்ணாம்பு படியும் பாசிகளும் சிப்பிகளும் நுண்ணுயிர் ஓடுகளும் உடைந்து சேர்ந்தது. கரைக்கும் பாறைக்கும் நடுவே நாம் போட்டுக்கொள்ளும் கோடு மீன்களுக்குத் தெரியாது.

பாறையில் காலை ஊன்றக் கூடாது என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள், ஏன் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. பாறை என்று பெயர்தானே தவிர அதன் மேல்தோல் முழுக்க உயிர். உருண்டையாக வளரும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். கிளை விரிக்கும் வகைகள் பத்து சென்டிமீட்டர் வரை வளரும், ஆனால் அவை ஒரு உதைக்கே முறியும். ஒரு மேசை அளவு உருண்டைப் பவளம் நம்மைவிட மூத்ததாக இருக்கலாம். இன்னொரு காரணம் நம் பாதம். கல்மீன் கல்லோடு கல்லாக, அசையாமல் கிடக்கும். அதன் முதுகு முள் குத்தினால் வலி தாங்கவே முடியாது. அதன் நஞ்சு வெப்பத்தில் சிதையும் என்பதால், தோல் வெந்துவிடாத அளவு சூடான நீரில் காலை அமிழ்த்திக்கொண்டே மருத்துவமனைக்குப் போவதுதான் முதலுதவி. மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால், புதைந்திருக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து தானே விலகிப் போகும்.

சுறாவுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆழமில்லாத உள்கடலில் கண்ணில் படுவது பெரும்பாலும் துடுப்பு நுனி கறுத்த பாறைச் சுறா. நம்மைக் கண்டு ஒதுங்கும் கூச்ச சுபாவி. உண்மையில் கவனிக்க வேண்டியது, முட்டையிட்டிருக்கும் டைட்டன் கிளாத்தி மீன். கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் ஒரு கூம்பு முழுவதையும் தன் எல்லையாகக் கருதி அது பாய்ந்து வந்து கடிக்கும். பயந்து மேலே போனால் கூம்பு அகலமாகிக்கொண்டே போகும். பக்கவாட்டில் விலக வேண்டும்.

ஆமைக்கு வருவோம், பலர் வருவதே அதற்காகத்தான். அலகு கூர்மையாக, ஓட்டின் விளிம்பு ரம்பம்போல் இருந்தால் அழுங்காமை. அது கடற்பஞ்சுகளைத் தின்னும். தலை உருண்டையாக, கடற்புல் மேய்ந்துகொண்டிருந்தால் பேராமை. இரண்டுமே மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். ஆமையைத் துரத்துவதில் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். மேலே வரும் ஆமையைச் சுற்றி ஐந்தாறு பேர் கேமராவோடு வளைத்தால், அது மூச்சை முழுசாக எடுக்காமலே மறுபடி கீழே போகும். குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி, அதற்குப் பின்னாலோ மேலேயோ வராமல், பக்கவாட்டில் அசையாமல் மிதந்தால் போதும். மேய்ந்து முடித்து அதுவே நம் அருகில் வந்து தலை நீட்டி, புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு இறங்கும். அந்தச் சத்தத்தை ஒருமுறை பக்கத்தில் கேட்டவர்கள் அதன் பிறகு ஆமையைத் துரத்த மாட்டார்கள்.

தீவுக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்க்க மறந்துவிடுகிறார்கள். மரங்களிலும் பாறைகளிலும் கூடு கட்டும் கடற்பறவைகளுக்கும் கீழே பார்த்த மீன்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் சில தீவுகளுக்கு முற்காலத்தில் கப்பல்களோடு எலிகள் வந்துவிட்டன, சில தப்பித்தன. 2018இல் வெளியான ஆய்வு இந்த இரு வகைத் தீவுகளையும் ஒப்பிட்டது. எலி இல்லாத தீவுகளில் கடற்பறவைகள் 760 மடங்கு அடர்த்தியாக இருந்தன. தொலைகடலில் தின்ற மீனை எச்சமாகத் தீவில் இட்டு, மண்ணுக்கு 251 மடங்கு அதிக நைட்ரஜன் சேர்த்தன. மழை அதைக் கடலுக்குக் கொண்டுபோக, அந்தத் தீவுகளை ஒட்டிய பாறையில் மீன்களின் மொத்த எடை ஏறக்குறைய பாதி கூடுதலாக இருந்தது. எலி பறவையின் முட்டையைத் தின்றதால் கிளிமீன் குறைந்துபோன கதை இது. பறவைகள் கூடு கட்டும் பகுதிக்குக் கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டாமல் இருப்பது, கீழே மீன் பார்ப்பதற்கும் சேர்த்துத்தான்.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகக் கடல் சில வாரங்கள் சுட்டால் போதும், பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். உணவின் பெரும்பகுதி அந்தப் பாசியிடமிருந்துதான் வந்தது என்பதால், சூடு தணியாவிட்டால் பட்டினியில் இறக்கும். 1998, 2010, 2014 முதல் 2017 வரை என்று உலகளாவிய வெளுப்பு மூன்று முறை நடந்தது. நான்காவது நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். மணலின் சூடு ஆமைகளையும் விடவில்லை. முட்டை பொதிந்திருக்கும் மணல் சூடானால் பிறப்பவை பெண்கள். பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் வாழும் இளம் பேராமைகளில் 99 சதவீதம் பெண்கள் என்று 2018இல் தெரியவந்தது.

இதோடு ஒப்பிட்டால் சன்ஸ்கிரீன் பற்றிய கவலை சிறிதுதான். ஆனாலும் அது நம் கையில் இருப்பது. பவளத்துக்குக் கேடு என்று கருதப்படும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருட்கள் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்தது. பசிபிக் தீவு நாடான பலாவ் 2020லேயே இன்னும் நீண்ட பட்டியலோடு தடை கொண்டுவந்தது. முழுக்கைச் சட்டை போட்டு இறங்கினால் முதுகுக்குப் பூச்சே வேண்டியிருக்காது. குப்புற மிதப்பவருக்கு வெயில் படுவது முதுகில்தானே.

தாய்லாந்தின் மாயா விரிகுடா நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் நாளுக்கு ஐயாயிரம் பேர்வரை அந்தச் சிறு கடற்கரைக்கு வந்தார்கள், படகுகள் பவளத்தின் மேலேயே நங்கூரம் போட்டன. 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில் திறக்கும்வரை பவளங்களை நட்டார்கள், படகுத்துறையைத் தீவின் மறுபுறத்துக்கு மாற்றினார்கள். ஆட்கள் இல்லாத அந்தக் கரையோரத் தண்ணீருக்கு, துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் திரும்பி வந்தன. இப்போது அங்கே நீந்த அனுமதி இல்லை. முழங்கால் ஆழத்தில் நின்று பார்க்கிறார்கள். எனக்கு அது சரியான ஏற்பாடாகவே படுகிறது.

தண்ணீரிலிருந்து ஏறிய பிறகு உடனே கிளம்பிவிடாதீர்கள். பொழுது சாயும் நேரத்தில் மணலில் கொஞ்சம் உட்கார்ந்தால், வேலிச் செடிகளுக்கடியிலிருந்து துறவி நண்டுகள் இறங்கும். அவற்றுக்குச் சொந்த ஓடு கிடையாது. நத்தை விட்டுப்போன சங்குக்குள் வாழ்ந்து, வளர வளர வீடு மாற்ற வேண்டும். ஒரு பெரிய காலி ஓடு கிடைத்தால், அது பொருந்தாத நண்டு விட்டுப் போய்விடாது. அதன் அருகிலேயே காத்திருக்கும். இன்னொன்று வரும், இன்னொன்று வரும். பெரியதிலிருந்து சிறியதாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரிசை சேரும். பொருத்தமான நண்டு வந்து பெரிய ஓட்டுக்குள் தாவியதும், அது விட்ட ஓட்டுக்கு அடுத்தது, அதன் ஓட்டுக்கு அடுத்தது என்று சில நொடிகளில் வரிசை முழுக்க வீடு மாறிவிடும். கடைசியில் யாரும் எடுக்காத ஒரு குட்டி ஓடு மட்டும் மணலில் கிடக்கும். அதையும் அங்கேயே விட்டுவிடுங்கள், இன்னும் சின்ன நண்டு ஒன்று வந்துகொண்டிருக்கும்.